யாழ்ப்பாணத்து உலைக்களங்கள்

ஒரு நாட்டின் வரலாறு என்றவுடன் அரசர் பெயர்களும் போர்களும் ஆட்சி மாற்றங்களுமே பெரும்பாலும் நினைவுக்கு வருவன. நல்லூர் அரசிருக்கையாய் விளங்கிய காலத்தையும், 1619 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைக்கொண்டதையும், 1658 இல் ஒல்லாந்தரும் 1795 இல் ஆங்கிலேயரும் அவர்பின் வந்ததையும் பள்ளி மாணவரும் அறிவர். ஆயின் அவ்வரசர்க்கும் அவர்தங் குடிகளுக்கும் சோறளித்த நிலத்தைக் கொத்தியது எது, அந்நிலத்துக்கு நீரளித்த கிணற்றைத் தோண்டியது எது என்று வினாவுவார் சிலரே. அவ்வினாவுக்கு விடை இரும்பு. அவ்விரும்பைக் கருவியாக்கிக் கொடுத்தது, வீட்டு வளவின் ஒரு மூலையிற் கிடுகு வேய்ந்த கொட்டிலின்கீழ் எரிந்த சிறிய உலை. அவ்வுலையின் வரலாற்றையும், அது இன்று நம்முன் வைக்கும் வினாவையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நில அமைப்பை நோக்குவார்க்கு முதலில் ஓர் உண்மை புலனாகும். இங்கு ஆறு இல்லை, மலை இல்லை, இரும்புத்தாதும் இல்லை. மயோசீன் காலத்திற் கடலடியிற் படிந்த சுண்ணாம்புக் கல்லே குடாநாட்டின் அடித்தளம். அதன்மேற் செம்மண்ணும் மணலும் மெல்லிய போர்வையாகக் கிடக்கின்றன. ஆண்டுதோறும் பெய்யும் ஏறத்தாழ 50 அங்குல மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள காலத்திலேயே பெய்துவிடுகின்றது. அந்நீர் கல்லின் வெடிப்புக்களூடே கீழிறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கின்றது. எஞ்சிய திங்கள்களிற் பயிரும் உயிரும் பிழைப்பது இந்நீராலேயே. ஆகவே கல்லைத் துளைத்தாலன்றி இங்கு நீரில்லை; இரும்பாலன்றிக் கல்லைத் துளைத்தல் அரிது. குடாநாட்டிலுள்ள கிணறுகளின் தொகை 1,00,000 ஐ அண்மியது எனக் கூறப்படுகின்றது. இரும்பு விளையாத மண்ணில் இரும்பையே நம்பி வாழ்ந்தவர் யாழ்ப்பாண மக்கள் எனல் மிகையன்று.

இவ்விரும்பு இங்கு வந்த காலம் மிகப் பழையது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இரும்பும் கறுப்புச் சிவப்பு மட்கலமும் உடன் வழங்கிய பண்பாட்டைத் தொல்லியலார் பெருங்கற்காலப் பண்பாடு என்பர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 1980 ஆம் ஆண்டளவில் ஆனைக்கோட்டையில் அகழ்ந்து கண்ட ஈமக் குழிகள் இப்பண்பாட்டைச் சார்ந்தன. பிராமி எழுத்துப் பொறித்த சிறு முத்திரை ஒன்று கிடைத்தமையால் அவ்விடம் பெயர் பெற்றது. கந்தரோடையும் அத்தகைய பழைய குடியிருப்பே. அங்கு 1917 ஆம் ஆண்டை அடுத்துப் போல் பீரிஸ் கண்டெடுத்த பொருள்களுள் செப்புக் கோல்களும் இருந்தன. உலோகத்தை உருக்கவும் அடிக்கவும் அறிந்தாரோடு இக்குடாநாட்டுக்கு உறவு இருந்தமைக்கு இவை சான்றாம்.

பாக்கு நீரிணையின் மறுகரையில் இதன் தொன்மை இன்னும் பின்னோக்கிச் செல்கின்றது. நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் இரும்பும் உருக்கும் ஆக்கப்பட்டமைக்கு அடையாளமான உலைகளை அகழ்வாய்வு வெளிப்படுத்தியுள்ளது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வேடு, சிவகளையிற் கிடைத்த சான்றுகளின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டு செல்கின்றது. அக்கணிப்பை அறிஞர் மேலும் ஆராய்ந்து வருகின்றனர். எவ்வாறாயினும், இரும்புத்தொழில் தமிழ் வழங்கும் நிலத்துக்குப் புதியதன்று என்பது தெளிவு.

தாதில்லா நாட்டுக்கு இரும்பு அயலிடங்களிலிருந்தே வரல்வேண்டும். அவ்வயலிடங்கள் இரண்டும் உலகப் புகழ் வாய்ந்தவை என்பது கருதற்பாலது. ஒன்று தமிழகத்துச் சேலம், கொங்கு ஆகிய பகுதிகள். மற்றொன்று இலங்கையின் தென்மத்திய மலைச்சாரல். ஒன்பதாம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்கிந்தி வாள்களைக் குறித்து எழுதிய நூலிற் செரந்தீபு எனும் இலங்கை உருக்கைத் தனியே எடுத்துக் கூறுகின்றார். அவ்வுருக்கு எவ்வாறு ஆக்கப்பட்டது என்பது நெடுங்காலம் மறைந்திருந்தது. பலாங்கொடையை அடுத்த சமனலவெவவில் நீர்த்தேக்கம் அமைக்குமுன் நிகழ்ந்த ஆய்வின்போது, மேற்கு நோக்கிய மலை விளிம்புகளில் வரிசை வரிசையாக உலைகளின் எச்சங்கள் காணப்பட்டன. அவை ஏழாம் நூற்றாண்டு முதற் பதினொராம் நூற்றாண்டு வரைக்குரியன. துருத்தியே இன்றித் தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தாலேயே அவ்வுலைகள் எரிந்தன என்று ஆய்வாளர் ஜில் ஜூலெவ் கூறினார். காற்றின் வலியால் மட்டும் அத்துணை வெப்பம் எழாது என்பதே அதுகாறும் பலர் கொண்டிருந்த எண்ணம். அவர் 1994 இல் அதேவகை உலையைக் கட்டி, அதே காற்றில் எரித்து, நல்லிரும்பை எடுத்துக் காட்டினார். அம்முடிவு 1996 இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தது. எழுதிவைக்கப்படாத ஒரு தொழில் மறைந்தால், அது இருந்ததென்பதையே நம்ப மறுக்கும் நிலை பின்வருவார்க்கு உண்டாகும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

யாழ்ப்பாணத் தமிழ்க் குடிவழியினரான ஆனந்த குமாரசுவாமி இவ்வகையில் நினைவுகூரத் தக்கவர். கலை ஆராய்ச்சியாளராக உலகறிந்த அவர், முதலில் நிலவியல் அறிஞராய் இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பணியின் தலைவராயிருந்தவர். அப்பணியில் மலைநாட்டு ஊர்களிற் சுற்றியபோது, வழக்கொழியும் நிலையிலிருந்த இரும்பு, உருக்கு ஆக்கத்தை முதியவர் செய்துகாட்டக் கண்டு, 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலிற் பதிந்துவைத்தார். களிமண் மூசையில் இரும்புத் துண்டையும் ஆவரை மரச் சிராய்களையும் இட்டு, வாயை மூடி, கரியுலையில் வைத்து உருக்குவதே அம்முறை. தமிழகத்து உருக்காளரும் ஆவரையையே பயன்படுத்தினர் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புக்களால் அறியப்படும். மரத்திலுள்ள காபன் இரும்பிற் கலந்து அதனை உருக்காக்குகின்றது என்பது இன்றைய இரசாயனவியலின் விளக்கம். விளக்கம் பிந்தியது, செயல் முந்தியது. மொழி வேறாயினும் நீரிணையின் இருமருங்கும் தொழிலறிவு ஒன்றாயிருந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

இனி யாழ்ப்பாணத்துக்கே மீள்வோம். இங்கு உலோகத்தொழிலின் வரலாற்றைப் பட்டயங்களினும் ஊர்ப்பெயர்களே மிகுதியாகக் காத்துவைத்துள்ளன. தெல்லிப்பழைப் பகுதியிற் கொல்லங்கலட்டி என்னும் ஊர் உளது. கலட்டி என்பது கல்நிறைந்த மேட்டுநிலம். கொல்லன் பெயரையும் கல்லின் பெயரையும் ஒருங்கே தாங்கிய அவ்வூர்ப்பெயர் குடாநாட்டு வரலாற்றையே சுருங்கச் சொல்வது போலும். யாழ்ப்பாண நகரிற் கன்னாதிட்டி பித்தளை, செம்பு வேலை செய்த கன்னாரையும், தட்டாதெரு பொன்வேலை செய்த தட்டாரையும் நினைவூட்டுகின்றன. கொல்லர், தச்சர், கன்னார், தட்டார், சிற்பர் எனும் ஐவகைத் தொழிலாளரும் இந்நகரையும் ஊர்களையும் ஆக்குவதிற் கொண்ட பங்கு இப்பெயர்களில் நிலைத்துவிட்டது.

கருவிகளின் பெயர்களும் வரலாறு கூறுவன. மண்வெட்டி, கோடரி, உளி, அரம், குறடு, சம்மட்டி, துருத்தி என்பன தமிழ்ச் சொற்கள். கிணறு தோண்டுவார் கையிலுள்ள பெரிய இரும்புக் கோலைத் தமிழகத்தார் கடப்பாரை என்பர். யாழ்ப்பாணத்தார் அலவாங்கு என்பர். அலவாங்கு போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. சிங்களத்திலும் அது அலவங்குவ என வழங்கும். சாவி என்பதும் அம்மொழிச் சொல்லே. கோட்டையையும் கோவிலையும் பற்றிப் போர்த்துக்கேயர் செய்தவற்றை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. அவர் மொழி கொல்லன் கொட்டிலுக்குள் நுழைந்த செய்தியை இவ்விரு சொற்களும் உரைக்கின்றன.

அக்கொட்டில் எவ்வாறு இருந்தது? அது தொழிற்சாலையன்று, வீட்டின் ஒரு பகுதியே. தரையிற் குழித்த உலை, அதன் அருகே தோல் துருத்தி, மரக்குற்றியில் இறக்கிய பட்டடை, நீர்த்தொட்டி, சுவரிற் செருகிய குறடுகள்: இவையே அதன் உடைமைகள். எரிபொருள் சிரட்டைக் கரியும் விறகுக் கரியும். துருத்தி ஊதுபவர் பெரும்பாலும் மகனாகவோ வீட்டிலுள்ள வேறொருவராகவோ இருப்பர். பிள்ளை துருத்தியடியில் இருந்தபடியே நெருப்பின் நிறத்தைப் படித்தான். அதுவே அவனுக்கு அரிச்சுவடி. தோட்டக்காரரின் மண்வெட்டி, பனையேறுவோரின் பாளைக்கத்தி, ஓலை வார்வதற்கான சத்தகம், அடுக்களைக்குரிய திருவலையின் பற்கள், வண்டிச் சில்லின் இரும்பு வளையம், கரையோர ஊர்களில் வள்ளத்தின் ஆணியும் நங்கூரமும் எனப் பிறப்பு முதல் இறப்பு வரை வேண்டும் கருவி யாவும் இத்தகைய கொட்டில்களிலிருந்தே வந்தன. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்ததை யாழ்ப்பாணத்தார் பெருமையுடன் கூறுவர். மரத்தை இணைக்கும் இரும்பின்றி எக்கப்பலும் கடல் கடவாது என்பதை உடன் நினைத்தல் தகும்.

இத்தொழிலின் நுண்மையை அறிய ஓர் அலவாங்கின் நுனியை நோக்கினாற் போதும். சுண்ணாம்புக் கல்லில் நாள்முழுதும் இடித்த நுனி மழுங்கிவிடும். கொல்லன் அதனைச் செந்நிறம் ஏறும்வரை உலையிற் காய்ச்சிப் பட்டடையில் வைத்து அடித்துக் கூராக்குவான். பின் ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வெப்பத்தில், செங்கனல் நிறத்தில், நுனியை மட்டும் நீரில் தோய்ப்பான். இப்போது நுனி கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் உடையும். ஆதலின் அதனை வெளியே எடுத்து, கல்லில் உரைத்துத் துலக்கி, மேற்பகுதியில் எஞ்சிய சூடு கீழ்நோக்கி இறங்குவதைப் பார்த்திருப்பான். துலங்கிய இரும்பில் முதலில் வைக்கோல் நிறமும், அடுத்துக் கபிலமும், ஊதாவும், இறுதியில் நீலமும் ஓடிவரும். வைக்கோல் நிறம் ஏறத்தாழ 230 பாகையையும், நீலம் ஏறத்தாழ 300 பாகையையும் காட்டும். வேண்டிய நிறம் நுனியை அடைந்த அக்கணத்தில் மீண்டும் தோய்த்து நிறுத்துவான். முந்தினால் நுனி தெறிக்கும், பிந்தினால் வளையும். வெப்பமானி இன்றிக் கண்ணாலேயே இவ்வளவையும் அறிந்தவனைக் கல்வியற்றவன் என்று எண்ணியது நம் சமூகத்தின் பெரும்பிழை.

கொல்லன் பட்டறையை அறிவியலுக்குப் புறம்பானதென எண்ணுவார் மைக்கேல் பரடேயின் வரலாற்றை நினைவுகொள்ளல் நன்று. மின்னியலின் தந்தையருள் ஒருவரான அவர் ஒரு கொல்லனின் மகன். அவர் ஆராய்ச்சியின் தொடக்க காலத்தில், 1819 முதல் 1822 வரை, கத்தி வினைஞரான ஜேம்ஸ் ஸ்ரொடாட் என்பவருடன் சேர்ந்து இந்திய உருக்கின் இயல்பை ஆராய்ந்தார். தென்னிந்தியக் கொட்டில்களில் உருவான பொருளின் மறைவை அறிய இலண்டன் ஆய்வுகூடம் முயன்றது. அதே நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலோ கற்றவர் நாட்டம் எதிர்த்திசையிற் சென்றது. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியும் பின்னெழுந்த கல்லூரிகளும் அறிவொளி பரப்பின என்பதில் ஐயமில்லை. அவற்றிற் கற்றோர் கொழும்புக்கும் மலாயாவுக்கும் எழுதுவினைஞராயும் புகைவண்டிப் பகுதி உத்தியோகத்தராயும் சென்று குடும்பங்களை உயர்த்தினர். ஆனால் அதனுடன் ஒரு மனப்பான்மையும் வளர்ந்தது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற பழமொழி அம்மனப்பான்மையின் குரலே. பேனா பிடித்த கை உயர்ந்தது. சம்மட்டி பிடித்த கை தாழ்ந்தது.

புகைவண்டிப் பாதை 1905 அளவிற் கொழும்புடன் குடாநாட்டை இணைத்தபின் இரும்பின் வரவு மிகுந்தது. ஆலையில் வார்த்த மண்வெட்டியும் கோடரியும் கடைக்கு வந்தன. கொல்லன் தளரவில்லை, வந்த பொருளின் கழிவையே மூலப்பொருளாக்கினான். தண்டவாளத் துண்டு பட்டடையாயிற்று. மோட்டார் வண்டியின் வில்லுத்தகடு கத்தியாயிற்று. அத்தகட்டிலுள்ள காபன் அளவு தோய்த்தலுக்கு ஏற்றதென்பதை அவன் அனுபவத்தால் அறிந்தான். தாதில்லா நாட்டில் எந்த இரும்பும் குப்பையாவதில்லை. எனினும் 1950 ஆம் ஆண்டுகளை அடுத்து நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவித் துலாவை ஒதுக்கின. மாட்டுவண்டியும் அருகியது. கொல்லரின் மைந்தர் பள்ளிக்குச் சென்றனர்; வேறு தொழில் நாடினர். பிறப்பையே காட்டித் தொழிலையும் மதிப்பையும் வரையறுத்த சமூகத்திலிருந்து விடுபட விழைந்த அவர்களைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை.

கைத்தொழிலைப் பள்ளியிற் புகுத்தும் முயற்சி நிகழாமலில்லை. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம், தொழிலுக்கு ஆயத்தஞ் செய்யும் பாடங்களை இடைநிலை வகுப்புக்களில் அமைத்து, அவ்வவ்வூர்த் தொழிலறிவை வகுப்பறைக்குக் கொணர எண்ணியது. 1977 ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தை அடுத்து அது கைவிடப்பட்டது. ஐந்தாண்டுகளில் ஒரு நூற்றாண்டின் மனப்பான்மை மாறுமாறில்லை.

மாறாத அம்மனப்பான்மையை 1990 ஆம் ஆண்டு உலுக்கியது. போரினாற் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றது. பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருளும் மின்கலங்களும் சீமெந்தும் இரும்புக் கம்பியும் தடைப்பட்ட பொருள்களாயின. புகைவண்டி நின்றது, தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பாதுகாப்புக் குழிகளுக்குக் கூரையாயின. அந்நாளில் மக்கள் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். சிறு போத்தலில் திரியிட்டு விளக்கேற்றினர். மோட்டார் வண்டியைப் பெற்றோல் சில துளிகளாற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினர். இவற்றுக்கு வேண்டிய வெட்டலும் ஒட்டலும் துளைத்தலும் வீட்டு முற்றங்களிலேயே நிகழ்ந்தன. உத்தியோகத்தர் வீடும் ஆசிரியர் வீடும் பட்டறைகளாயின. மின்சாரமின்றிக் கடைசற்பொறி நின்றது, கரியுலை நிற்கவில்லை. கையாற் செய்தலை இழிவென்று கற்றிருந்த தலைமுறை, கையாற் செய்யத் தெரியாதவன் கையற்றவன் என்பதை அவ்வாண்டுகளிற் கற்றது. 2002 இற் போர்நிறுத்தத்துடன் பாதை திறந்து பொருள்கள் வந்தபின் அப்பாடம் விரைவில் மறக்கப்பட்டதே வருந்தத்தக்கது.

இன்று உலகின் பிற பகுதிகளில் நிகழ்வதை ஒப்பிட்டு நோக்குவாம். தொழிற்சாலை இரும்பு மலிந்த நாடுகளிற் கொல்லுத்தொழில் பிழைப்பாக அருகிய பின்னர், விருப்பத் தொழிலாக உயிர்பெற்றுள்ளது. வட அமெரிக்காவில் 1973 இல் அமைந்த கலைக்கொல்லர் சங்கம் பலவகைத் தொழில் செய்வாரையும் ஒருங்கு சேர்த்தது. வைத்தியரும் ஆசிரியரும் ஓய்வுபெற்றோரும் தம் வீட்டுப் புறத்தே உலை அமைத்து, ஓய்வு நாளிற் கத்தியும் கதவுக் கொண்டியும் வடிக்கின்றனர். அவ்வார்வத்தின் பயன் சிறிதன்று. புளோரிடாவில் குதிரை இலாடம் கட்டுந் தொழில் செய்த அல்பிரட் பெண்ட்ரே என்னும் கத்தி வினைஞர், உலோகவியற் பேராசிரியர் ஜோன் வெர்கோவனுடன் கூடிப் பல்லாண்டு முயன்று, நீரோட்டம் போன்ற கோலமுடைய பழைய தமாஸ்கசு வாளின் உருக்கைத் தம் பட்டறையில் மீளப் படைத்தார். அவ்விருவரும் 1998 இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். தாதில் நுண்ணளவிலிருந்த வனேடியம் போன்ற மூலகங்களே அக்கோலத்துக்குக் காரணம் என்றனர். அவ்வாள்களுக்கு உருக்களித்தவை தென்னிந்தியாவும் இலங்கையும். நம் முன்னோர் மறந்ததை ஏழ்கடல் கடந்த ஒரு பட்டறை மீட்டது.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கின் உண்மை ஒன்று தெளிவாகும். இங்குத் தொழிலறிவு பிறப்போடு பிணைக்கப்பட்டது. அக்குடியிற் பிறந்தவன் அதனை விட்டு விலகின், அறிவும் உடன் அற்றுப்போகும். பிறர் அதனை ஏற்க நாணினர். அங்கு அது விருப்பத்தோடு பிணைக்கப்பட்டது. விரும்பியவன் எவனும் கற்கலாம். ஆகவே அது அழியவில்லை. யாழ்ப்பாணத்தில் இத்தொழில் அருகுவது இயந்திரத்தால் மட்டுமன்று. அதனைச் சிலர்க்கே உரியதெனக் கட்டிப் பின் அச்சிலரையே தாழ்த்திய நம் வழக்கத்தாலுமாம். கட்டை அவிழ்த்தால் தொழில் பிழைக்கும்.

செய்யத்தக்கன அரியனவல்ல. இன்னும் உலையை விடாத முதியோர் சிலரேனும் உளர். அவர் கருவிகளின் பெயர்களையும், இரும்பைச் சோதிக்கும் வழிகளையும், தோய்த்தலின் நிறங்களுக்கு அவர் இட்ட பெயர்களையும் அவர் வாய்மொழியாகவே எழுதிக்கொள்ளல் வேண்டும். அது மாணவர்க்கு நல்ல வரலாற்றுப் பயிற்சியாம். அவர்களைக் கல்லூரிக்கு அழைத்து ஆசிரியரென இருத்தல் வேண்டும். இரசாயனவியற் கூடத்தை அடுத்து ஒரு சிறு உலை அமைப்பின், இரும்பிற் காபனின் தொழிற்பாட்டை நூலிற் படிப்பவன் கண்ணாலும் காண்பான். எக்குடியிற் பிறந்த மாணவனாயினும் சம்மட்டி எடுக்கலாம் என்ற நிலை அங்கு இயல்பாகவே உண்டாகும்.

குடாநாட்டின் பழங்கிணறுகளின் உட்சுவரை உற்று நோக்குவார்க்குக் கல்லில் அலவாங்கின் தடங்கள் புலப்படும். தோண்டியவர் பெயரும் தெரியாது. அலவாங்கைத் தீட்டிக் கொடுத்தவர் பெயரும் தெரியாது. நீர் மட்டும் இன்றும் ஊறுகின்றது. அதனைப் பருகுவோர் அவ்விருவர்க்கும் கடன்பட்டவர். அக்கடனை அடைக்கும் வழி அவர் அறிவை அழியாது காத்தலேயாம்.